ஒன்பதாவது கல்லிலிருந்து

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அப்பா நகர ஆரம்பித்தார். கயல்விழியின் போனில், மேப்பில், வாய்க்கால் கரையில் ஒன்பதாவது கல்லுக்குப் பக்கத்தில் காலை ஏழரையிலிருந்து அசையாமல் கிடந்த வட்டம், ஹெல்மெட் போட்ட அப்பாவின் முகம் உள்ள அந்தச் சின்ன வட்டம், மெல்ல வடக்கே நகர்ந்தது. மணி பன்னிரண்டு பத்து. வட்டத்துக்குக் கீழே, பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பால் சொசைட்டிக் கொட்டகைக்கு முன்னால், வேப்பமர நிழலில், மரப்பெஞ்சின் மேல் அப்பா படுத்திருந்தார். நெற்றியில் காசு, கழுத்தில் மாலை. ராசு சித்தப்பா கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி குனிந்து போனைப் பார்த்தாள். வட்டம் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

"அஞ்சு நிமிசம் மாமா." அம்மா மஞ்சுளா காலையிலிருந்து பத்தாவது தடவையாகக் கேட்டாள். "பெஞ்சோட தூக்கிட்டுப் போயி ஊட்டுக்குள்ள வெச்சுட்டு எடுத்துருங்க. ஒரு வாய் டீ குடிக்காமப் போனாருங்க."

பெரியப்பா பெரியசாமி தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "வெளிய போன உசுருங்க அம்மிணி. ஊருக்குள்ள கொண்டு போறது வழக்கமில்ல. என்ற பையன நான் எங்க வெச்சேன்? லாரி அடிச்சுச் செத்தவன இதே பெஞ்சுலதான வெச்சேன். அவங்கம்மா இதே மாதிரிதான கேட்டா."

அவர் கல் மனசுக்காரர் இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தன் பிள்ளைக்குச் செய்யாததைத் தம்பிக்குச் செய்தால் அன்று செய்தது என்னவாகும்? அம்மா பெஞ்சின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வீடு அங்கிருந்து இருநூறடிதான். பெஞ்சிலிருந்து பார்த்தால் பச்சைக் கதவு தெரிந்தது.

சாவுக்கு வந்த ஒறம்பரைச் சனத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. "அறுபத்திரண்டு வயசுல சைக்கிள் என்ன வேண்டிக் கெடக்குது?" என்றாள் கந்தம்மாள் அத்தை. "பிரான்சுக்காரரு பிரான்சுக்கே போயிட்டாரு" என்று யாரோ பின்னால் மெல்லச் சொன்னார்கள். கயல்விழிக்குச் சுருக்கென்றது. சொன்ன வாயில் மண் விழ என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பட்டப்பெயர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் அப்பா சுவாமிநாதன் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தார். பிரான்சில் ஏதோ ஒரு பட்டிக்காடு. கோதுமைக் காட்டுக்கு நடுவே மண்பாதை. பழைய தேவாலயம், இடிந்த கோட்டை, கல்பாலம் என்று ஒவ்வொன்றையும் சைக்கிளிலேயே போய்ப் பார்க்கலாம். வழி பிரிகிற இடத்திலெல்லாம் சைக்கிள் படம் போட்ட சின்னப் பலகை. பார்த்து முடித்துவிட்டு, "ஏங் கண்ணு, அவங்ககிட்ட இருக்கறது நம்மகிட்ட இல்லியா?" என்றார்.

இருந்தது. முப்பது வருடம் கம்பம் ஏறி இறங்கியவருக்கு எந்தக் காட்டில் என்ன கல் இருக்கிறது என்று அத்துப்படி. குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் புலியைக் குத்துகிற வீரன். விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் புருசனும் பெண்சாதியுமாய் நிற்கிற நடுகல். துணி துவைக்கிற கல்லாகிப்போன கல்வெட்டு. ஒன்பதாவதாக, தலைச்சுமையை இறக்கி வைக்கிற சுமைதாங்கிக் கல். மொத்தம் பதினோரு கல், எடப்பாடிப் பக்கத்து வாய்க்கால் கரையை ஒட்டிப் பதினாறு கிலோமீட்டர். சைக்கிள் வாங்கினார், வெள்ளைப் பெயிண்ட் வாங்கினார். வழி நெடுக மைல்கல்லிலும் பாறையிலும் மதகுச் சுவரிலும் அம்புக்குறி போட ஆரம்பித்தார்.

ஐந்தாவது கல்லில் மாட்டிக்கொண்டார். ரோடு போட நிலம் அளக்க வந்த ஆள் என்று நினைத்துக் காட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளைக் குறி விழுந்தால் காடு கைவிட்டுப் போய்விடும் என்று இந்தப் பக்கம் யாருக்குத்தான் தெரியாது? அம்பை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவையும் வாய்க்காலில் வீசினார்கள். அப்பா அவர்களிடமே உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலும் ஒரு சைக்கிள் படம் வரைந்தார். இரண்டு வட்டம், நாலு கோடு. ஐந்தாவது கல்லில் மட்டும் மறுபடி வரைய அவர்கள் விடவில்லை. அந்த வாரம்தான் கயல்விழி அவர் போனைப் பிடுங்கி, எங்கே இருக்கிறார் என்று தனக்குத் தெரியும்படி செய்துவைத்தாள்.

"நீ ஒரு நாளைக்கு வா கண்ணு. ஒன்பதாவது கல்லு வரைக்குமாச்சும் வா" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பெங்களூரிலிருந்து வந்து இறங்குகிறவளிடம் சொல்வார். நேற்று ராத்திரி வருவதாக ஒத்துக்கொண்டாள். விடிகாலை ஐந்தேகாலுக்கு அறை வாசலில் நின்று சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தார். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வாரேன்ப்பா" என்றாள். "செரி கண்ணு, தூங்கு" என்றார்.

அவள் போயிருந்தால்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். யாருமில்லாத கரையில், வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற நாதியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். காலையிலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். ஆம்புலன்ஸ்காரர்கள் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தது உடலை மட்டும்தான். சைக்கிளும் பையும் போனும் என்னவாயின என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வட்டம் எட்டாவது கல்லில் நின்றது. மூன்று நிமிடம். பிறகு கிளம்பியது.

கயல்விழி கூட்டத்திலிருந்து விலகிக் கொட்டகைக்குப் பின்னால் போய் அப்பா எண்ணை அழுத்தினாள். மணி போனது. எடுக்கவில்லை. சைக்கிள் ஓட்டும்போது போனை சைலண்டில் போட்டுவிடுவது அவர் வழக்கம். மறுபடி அழைத்தாள், இரண்டாவது மணியிலேயே அவளாகவே துண்டித்தாள். யாராவது எடுத்து "யாருங்க?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? கேட்காதவரைக்கும் அது அப்பாதான்.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. யாரோ சைக்கிளைத் திருடிக்கொண்டு போகிறான். ஆனால் திருடுகிறவன் இவ்வளவு மெதுவாகவா போவான்? கல் கல்லாக நின்று நின்றா போவான்? ஏழாவது கல்லில் நின்றது. ஆறாவது கல்லில் நின்றது. அப்பாவும் அப்படித்தான், ஒரு கல்லையும் கும்பிடாமல் தாண்ட மாட்டார். யாரிடமும் சொல்லவில்லை அவள். சொன்னால் மோட்டார் பைக்கில் இரண்டு பேர் பாய்ந்துபோய்ப் பிடித்துவிடுவார்கள். அவர் நிதானமாகவே வரட்டும்.

இரண்டரை மணிக்குப் பாடை கட்டி முடித்தார்கள். "எல்லாரும் ஒருக்கா பாத்துக்குங்க" என்றார் பெரியப்பா. அம்மா அப்பாவின் கன்னத்தைத் தடவினாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தூக்குங்க" என்று அவளே சொன்னாள்.

கயல்விழி குனிந்து அப்பாவின் கையைப் பிடித்தபோது அடுத்த கையில் போன் இருந்தது. வட்டம் ஐந்தாவது கல்லுக்கு வந்து நின்றிருந்தது. நகரவில்லை. பிறகு கிழக்கே கொஞ்சம் போய்த் திரும்பியது. மேற்கே போய்த் திரும்பியது. அப்பாவுக்குத் தெரியாத வழியா அது? அப்பாவுக்கு வழி தெரியவில்லை. குளிர்ந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "வடக்கப்பா, வடக்க வாங்க" என்றாள். பக்கத்தில் நின்ற அத்தை, பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அவளைத் தோளோடு அணைத்து இழுத்தாள். பாடை எழுந்தது. ராசு சித்தப்பா கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தார். பறைச் சத்தம் ஏரிப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. வட்டம் வடக்கே திரும்பியது. பேட்டரி பதினொன்று.

பெண்கள் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஈரத்தலையோடு கயல்விழி கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அது அப்பாவின் சைக்கிள் நிற்கிற இடம். ராத்திரி வெளியே விட்டால் நாய் சீட்டைக் கடிக்கிறது என்று வீட்டுக்குள்தான் நிறுத்துவார். வாய்க்கால் சேற்றோடு வாசலிலிருந்து மூலை வரை இரண்டு கோடு இழுத்துக்கொண்டு வருவார். "கூட்டித் தொடச்ச ஊடுங்க இது! வெளிய கழுவிட்டு உள்ள வந்தா என்ன?" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா சத்தம் போடுவாள். இன்று கழுவிவிட்ட தரை பளிச்சென்று கிடந்தது.

நான்காவது கல். மூன்றாவது. இரண்டாவது. பேட்டரி நான்கு, மூன்று, ஒன்று. ஏரிக்கரையில் முதல் கல்லுக்குப் பக்கத்தில் வந்தபோது வட்டம் சாம்பல் நிறமாகி நின்றுவிட்டது. கடைசியாகப் பார்த்தது நான்கு மணி இரண்டு நிமிடம் என்று காட்டியது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

"அம்மா! அப்பா போயிட்டாரும்மா!" என்று கத்தினாள் கயல்விழி.

காலையிலிருந்து கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் விடாதவள் அப்போதுதான் அழுதாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சத்தமாக. அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இப்போதுதான் இவளுக்கு விளங்கியிருக்கிறது போல என்று பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

அழுகை ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது தெருவில் சைக்கிள் மணி கேட்டது. ஒரே ஒரு தடவை.

வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அப்பாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தலையில் துண்டு, முழங்கால் வரை புழுதி. சுடுகாட்டிலிருந்து ஏரியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அப்போதுதான் வந்த பெரியப்பா அவளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சைக்கிள்காரரு ஊடு இதுங்களா?" என்றாள் அந்தப் பெண். "நான் சென்னம்மாளுங்க. அந்த சுமைதாங்கிக் கல்லுகிட்ட ஆடு மேய்க்கறவ. நான்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னது. சைக்கிள ஏத்த மாட்டம்னு உட்டுட்டுப் போயிட்டானுங்க. ஆட்டப் பக்கத்துக் காட்டுல சொல்லி உட்டுட்டு வரதுக்கு மத்தியானமாயிருச்சு. எனக்கு ஓட்டத் தெரியாதுங்க, தள்ளிட்டே வந்தேன்."

"அவ்வளவு தூரமா?" என்றார் பெரியப்பா. "வழி?"

"அதான் அவரே படம் போட்டு வெச்சிருக்கறாருல்லங்க. அதப் பாத்துட்டே வந்தேன். ஒரு எடத்துல மட்டும் படத்தக் காணோம், அங்க சித்த நேரம் தெகைச்சுப் போச்சு."

கயல்விழி படியிறங்கி வந்தாள். "கல்லு கல்லா நின்னீங்களா?"

"ஆமா சாமி. வெளிய செத்தவங்க அங்கயே நின்னுக்குவாங்கன்னு எங்கூட்டுல சொல்லுவாங்க. போற வழியெல்லாம் நின்னு கூப்புடோணும். ஒவ்வொரு கல்லுகிட்டயும், 'வாங்க, ஊட்டுக்குப் போலாம்'னு சொல்லிட்டு வந்தேன். கடசியா அந்த ஏரிக்கரையிலயும் சொன்னேன்."

கயல்விழி சைக்கிள் சீட்டின் மேல் கையை வைத்தாள். கேட்கக் கூடாது என்று பயந்துகொண்டே கேட்டாள். "நீங்க பாக்கறப்ப அப்பா..."

"இருந்தாருங்க. கல்லுல சாஞ்சு உக்காந்திருந்தாரு. தண்ணி கேட்டாரு. பையில ரெண்டு டம்ளரு இருந்துச்சு. ஒண்ணுல ஊத்திக் குடுத்தேன், குடிச்சாரு. இன்னொண்ணுல என்னைய ஊத்திக் குடிக்கச் சொன்னாரு. எனக்கு எதுக்குங்கன்னேன். குடியுங்க, கூட வர ஆளுக்குத்தான் வெச்சிருந்தேன்னாரு. நானும் குடிச்சேன். அப்பறம் அந்தக் கல்லு ஏன் வெச்சாங்கன்னு சொன்னாரு. புள்ளத்தாச்சியாவே செத்துப்போன ஒருத்திக்கு வெச்ச கல்லாமா. அவ பாரத்த எறக்காமப் போயிட்டா, மத்தவங்களாவது எறக்கி வெச்சுட்டுப் போகட்டும்னு. சொல்லிட்டிருந்தவரு அப்பிடியே..." அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "நானும் இருவது வருசமா அதுலதான் பில்லுக்கட்ட எறக்கறேன். எனக்குத் தெரியாதுங்க."

அம்மா வந்து சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தாள். கேட்கவில்லை. பதினோராவது தடவை அவள் கேட்கவே இல்லை.

பெரியப்பா சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "என்ற பையனோட வண்டி இன்னும் போலீஸ் ஸ்டேசன் செவுத்தோரமா கெடக்குது" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு படியேறிப் போய், பச்சைக் கதவில் எப்போதும் சாத்தியே கிடக்கும் இரண்டாவது பாதியின் தாழ்ப்பாளை நீக்கி, அதையும் அகலத் திறந்துவிட்டார்.

அம்மா முன்னால் பிடித்தாள், கயல்விழி பின்னால் தூக்கினாள். சைக்கிள் நிலைப்படி தாண்டி உள்ளே வந்தது. சக்கரத்தில் ஒட்டிய வாய்க்கால் புழுதி ஈரத் தரையில் சேறாகி இரண்டு கோடாக வாசலிலிருந்து மூலை வரை போனது. அம்மா ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள்.

கந்தம்மாள் அத்தை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அம்மா அவள் கையிலிருந்து துணியை வாங்கி ஜன்னலில் போட்டுவிட்டு, அந்தக் கோடுகளை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து சமையலறைக்குப் போய், டீக்குப் பால் வைத்தாள்.