இடைவேளையில் தெரிந்த முகம்

எல்லாரும் அவரைப் பல்செட்டுக்காரர் என்றே அழைத்தார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்வது அவர் தொழில். பைத்தியம் வேறு: ஓபரா. கதை முழுவதையும் பாடியே நடத்தும் அந்த நாடகத்துக்காக, ஐந்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து முப்பது வருடம் தலைநகரத்துக்குப் போய்வந்தார். அங்கே ஓபரா அரங்கத்தின் நாலாவது மாடியில், தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். பாதி மேடை தெரியாது. பாடுகிறவர்கள் தீக்குச்சி உயரம்தான். ஆனாலும் மைக் இல்லாத அந்தக் குரல் மேலேறி வந்து நெஞ்சில் முட்டும்போது பசி, கால்வலி எதுவும் நினைவிருக்காது.

மனைவியையும் ஆரம்பத்தில் கூட்டிப்போனார்.

"ஒருத்தி சாகறதுக்கு முக்கால் மணி நேரம் பாடறா. நம்ம வீட்டுல எனக்குத் தலைவலின்னு சொல்லக்கூட ஆள் கிடைக்கல" என்றாள் அவள்.

நாலைந்து தடவையோடு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆறு வருடம் முன்பு, பெரிய சண்டை எதுவும் இல்லாமலே, தலைநகரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்த மகளிடம் பெட்டியோடு போனவள் திரும்பவில்லை.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் நாலு மாடி ஏற முடியவில்லை. நல்லவேளையாக உள்ளூர் சினிமா தியேட்டரில், மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், அதே அரங்கத்து ஓபராவை நேரடியாகத் திரையில் காட்டத் தொடங்கினார்கள். மொத்தம் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். பாடகியின் வாய் சுவரளவு திறக்கும். "கடைவாய்ப்பல் கட்டினது, சுத்தமான வேலை" என்று தன்னையறியாமல் முணுமுணுப்பார். குரல் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வந்து காதோடு நின்றுவிடும்.

அப்படி ஒரு சனிக்கிழமைக்கு மகளை வரச் சொல்லியிருந்தார். "டியூட்டி இருக்குப்பா" என்றுவிட்டாள். அவர் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

இடைவேளை வந்தது. திரையில், அரங்கத்துக் கூட்டத்தின் மேல் கேமரா மெதுவாக நகர்ந்தது. ஏழாவது வரிசை ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், தலையில் துணி கட்டிய ஒரு மெலிந்த பெண். தாடையைக் கையில் தாங்கியிருந்த விதத்தை வைத்துத்தான் அது யாரென்று அவருக்குப் பிடிபட்டது. கேமரா நகர்ந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் எல்லாரும் எழுந்து கைதட்டியபோது கேமரா மறுபடி அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு இருக்கையும் காலி.

தியேட்டர் வாசலிலேயே நின்று போன் செய்தார்.

"உன்னை இப்போ திரையில பார்த்தேன்மா. அம்மாவையும்."

"அம்மாவுக்கு நாலு மாசமா கேன்சர் ட்ரீட்மென்ட் நடக்குதுப்பா. மருந்து கேக்கல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க."

"அவளுக்குத்தான் ஓபரா ஆகவே ஆகாதே."

"அந்த மனுஷன் அப்படி என்னத்தைக் கேட்டாருன்னு ஒரு தடவை பார்த்துடறேன்னாங்க. பாதியிலயே வலி வந்துடுச்சு. கூட்டிட்டு வந்துட்டேன்." பிறகு தயங்கி, "கதை எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டுட்டே இருக்காங்க" என்றாள்.

அவருக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே நடந்ததை அவர் பார்த்தால்தானே. அன்றைய நிகழ்ச்சியின் பதிவைத் தியேட்டரில் புதன்கிழமை மறுபடி போட்டார்கள். அன்று ஒரு வரி விடாமல் கவனித்துவிட்டு, வியாழக்கிழமை காலை ரயிலேறினார். அந்த நாலு நாளைக் கடத்தியிருக்க வேண்டாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டார்.

மகளின் வீட்டில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் மனைவி கிடந்தாள். மருந்து மயக்கம். அவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டீங்களா. முடிவைச் சொல்லுங்க. பாடாம சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். தம்பியைச் சிப்பாய்கள் தேடுகிறார்கள். அக்கா வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒரு குளிர்காலம் முழுக்கக் கதவைத் திறக்காமல் தாக்குப்பிடிக்கிறாள். கடைசியில் அவளே போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிடுகிறாள்.

"ஏன் திறந்தா?"

"களைச்சுப் போயிட்டா."

"அது எனக்குப் புரியுது" என்றாள் அவள். கண்களை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் எழப் போனார்.

"அப்பல்லாம் அந்தத் தூண் பக்கம் நின்னுக்கிட்டு, என்ன பாடறாங்கன்னு கேப்பேன். உஷ்ஷுன்னு என் கையை அழுத்துவீங்க. இப்படி ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கேட்டிருப்பேன்ல."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து மகள் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தாள். வழியில் அந்த ஓபரா அரங்கத்தைத் தாண்டித்தான் பஸ் போனது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.