சரசா வீட்டு வாசற்படியே பூஜ்யம்

1997-ஆம் ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில் சாக்கடை நாலாவை ஒட்டி நின்ற மூன்று மாடிக் கட்டிடம் ஒன்று தரையை விட்டு அறுபது சென்டிமீட்டர் மேலே எழும்பி அங்கேயே நின்றுவிட்டது. அன்று மண்டியில் வெங்காயம் கிலோ ஆறு ரூபாய். தெருக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள், வெங்காயத்தைப் பற்றிச் சற்றுக் கூடுதலாக. கீழ்த்தளத்து மும்தாஜ் அந்த நேரத்தில் தன் அத்தாவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தண்ணீர்க் குழாய்கள் ஜவ்வுமிட்டாய் போல இழுபட்டு நீண்டுகொடுத்தன. கட்டிடத்துக்கு அடியில் தூணும் இல்லை, சுவரும் இல்லை, வெறும் காற்று. ஒரு வாரத்துக்குள் அங்கே பதினேழு பூனைகள் குடியேறின. அளவெடுக்க வந்த அதிகாரி குப்புறப் படுத்து டேப் வைத்துப் பார்த்துவிட்டு, ‘உயரம் போதாது, இங்கே வண்டி நிறுத்த அனுமதியில்லை’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

இதற்குக் காரணமான சரசா அப்போது வீட்டில் இல்லை. ஔந்தில், கானிட்கர் என்ற ஆர்க்கிடெக்டின் ஆபீஸில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ட்ராயிங் படித்தவள். அவள் இழுத்த கோட்டில் ஏறிய எறும்பு அதன் பிறகு வாழ்நாள் முழுக்க வளைந்து நடக்கவில்லை என்று அந்த ஆபீஸில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் ட்ராயிங் போர்டுகள் பரணுக்குப் போயின. கானிட்கர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், ஒன்றைத் தவிர. கட்டிடத்தின் எந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்ட அந்த மென்பொருள் ஒரு மொட்டை முக்கோணத்தைப் போட்டு, பக்கத்தில் அடியிலும் அங்குலத்திலும் எழுதியது. அவருக்கு வேண்டியது தன் குருநாதர் காலத்து லெவல் குறி: ஒரு வட்டம், அதை நாலாகப் பிரித்து எதிரெதிர்க் கால்வட்டங்களில் கருமை, மேலே ஒரு கோடு, கோட்டின் மேல் மீட்டரில் எண், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம், முன்னால் கூட்டல் அடையாளம். “இந்த முக்கோணத்தைப் பார்த்தால் எனக்குப் பசி போய்விடுகிறது, சரசாதாய்” என்றார். மராத்தியில் தாய் என்றால் அக்கா. அவரைவிட அவள் பன்னிரண்டு வயது சின்னவள்.

சரசா மூன்று வாரம் உட்கார்ந்து அந்தக் குறியைச் செய்தாள். எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன், கருமை எல்லாம் அவர் சொன்னபடி. அதோடு, எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அந்த இடத்தின் உயரத்தைத் தானே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும்படியும் செய்தாள். ஆனால் எந்த உயரத்தையும் ஏதாவது ஓர் இடத்திலிருந்துதானே எண்ண வேண்டும்? சோதனைக்காக அவள் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே கட்டிடத்தை வரைந்தாள், தன்னுடையதை. தன் வீட்டு வாசற்படியைப் பூஜ்யமாக வைத்தாள். உண்மையிலும் அது பூஜ்யம்தான். குடிவந்தபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறினார்கள். வருடா வருடம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ரோடு ஏறி வந்து வாசலோடு தோள்சேர்ந்து நின்றது. ஒவ்வொரு மழைக்கும் நாலாத் தண்ணீர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது.

அவள் புருஷன் சின்னதுரை, கார் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வெல்டர். மூன்று வருடம் நனைந்த மெத்தையைக் காயவைத்துப் பொறுமை இழந்தவன், ரஞ்சன்காவில் புதிதாகத் திறந்த தொழிற்சாலையில் வேலைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் விண்ணப்பப் பாரம் வாங்கிவந்து காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தான். அங்கே போனால் ஔந்துக்கு வந்துபோக ஐந்து மணி நேரம். சரசாவின் வேலை அதோடு முடிந்துவிடும்.

“இந்த வருஷம் தண்ணி உள்ள வந்துச்சுன்னா கையெழுத்துப் போட்ருவேன். சொல்லிட்டேன்.”

“வராது.”

“நாலாகிட்ட சொல்லி வச்சிருக்கியா?”

இந்தப் பேச்சு காதில் இருக்கும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை சரசா, குறி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிற சாக்கில், வாசற்படியின் பூஜ்யத்தை அழித்து, மனதுக்குப் பிடித்த எண்ணாக +0.600 என்று அடித்தாள். மற்றதெல்லாம் முதல் பத்தியில் இருக்கிறது. அந்த மழையில் நாலா வந்தது, கட்டிடத்துக்கு அடியில் இருந்த பூனைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு அடக்கமாகப் போய்விட்டது. சின்னதுரை குனிந்து பார்த்தான். பாரத்தை மறுபடியும் காலண்டருக்குப் பின்னால் வைத்தான், கிழிக்கவில்லை.

மும்தாஜுக்கு மட்டும் ஒரு குறை. “ஏத்துனது சரிக்கா. எங்க அத்தாவுக்கு முட்டி வலின்னு தெரியும்ல, அவருக்குன்னு ஒரு அரை அடி கம்மியா வச்சா கொறஞ்சா போயிடுவே?”

கானிட்கர் ஆபீஸில் யாரும் வெள்ளைத் திரையில் புது ட்ராயிங் தொடங்கியதில்லை. முந்தைய கட்டிடத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, வேண்டாததை அழித்து, வேண்டியதை வரைவார்கள். குறி அழகாக வந்திருந்ததால் எல்லோரும் சரசாவின் சோதனை ட்ராயிங்கிலிருந்தே தொடங்கினார்கள். சுவரை அழித்தார்கள், ஜன்னலை அழித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் கிடந்த அந்த வாசற்படியை ஒருவரும் அழிக்கவில்லை. இப்படியாக ஔந்திலும் அதைச் சுற்றியும் எழும்பிய ஒவ்வொரு கட்டிடமும் தன் உயரத்தைச் சிஞ்ச்வட்டில் ஒரு வெல்டர் வீட்டு வாசலிலிருந்து எண்ணிக்கொண்டது.

1999 மே மாதம் ரோட்டில் மறுபடி தார் கொட்டினார்கள். சரசா பழைய ஃபைலைத் திறந்து +0.750 என்று திருத்தினாள். அந்த நொடியில் புனேயின் வெவ்வேறு இடங்களில் பத்தொன்பது கட்டிடங்கள் அரை அடி உயரம் எழும்பின. கடைசிப் படியிலிருந்து தரைக்குக் காலெடுத்து வைத்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ‘அரே’ என்றார்கள். அந்த ஒரு சத்தத்தில் பல்கலைக்கழகத்து ஆலமரங்களிலிருந்து வௌவால்கள் பட்டப்பகலில் கிளம்பிவிட்டன. அரை மணியில் ஆபீஸுக்கு ஃபோன் வந்தது. பேசியவர் பட்டாபிராமன், ஔந்தில் ஒரு சொசைட்டிக்குச் செக்ரட்டரி, பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏம்மா, தூக்கறது தூக்கறேள், ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்கப்படாதா? லிஃப்டு கீழயே நின்னுடுத்து. நான் மேல தொங்கிண்டிருக்கேன்.”

சரசா எழுந்துபோய்க் கானிட்கரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்த வாசற்படியை வெட்டிவிடச் சொன்னார். வெட்டினால் தன் வீடு தரைக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வெட்டும் கட்டளையை அடித்தாள். திரை கேட்டது: ‘இந்தப் புள்ளியை நம்பிப் பத்தொன்பது கட்டிடங்கள் இருக்கின்றன. நீக்கினால் அவை எந்த உயரத்தில் நிற்கும் என்று சொல்ல இயலாது. நீக்கவா?’ கானிட்கர் அதை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறையும் படித்தார். “ராஹூ தே” என்றார், இருக்கட்டும் விடு. இனி தன்னைக் கேட்காமல் அந்த எண்ணைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் குருநாதரின் குறி நன்றாக வந்திருப்பதாகப் பாராட்டினார்.

ஆறு வருடம் யாரும் தொடவில்லை. பத்தொன்பது நாற்பத்தொன்றாயிற்று. ரோடு மட்டும் தன் வழக்கத்தை விடாமல் ஏறிக்கொண்டிருந்தது. சின்னதுரை வருடந்தோறும் புதுப் பாரம் வாங்கிக் காலண்டரோடு அதையும் மாற்றினான். 2005 ஜூலையில் மழை பிடித்தது. தவளைகளே ஒதுங்க இடம் கேட்ட மழை. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குச் சின்னதுரை ஆபீஸுக்கு ஃபோன் செய்தான்.

“சரசு, தண்ணி வாசப்படிய நக்குது. பாரத்த எடுத்துட்டேன்.”

“பேனாவ எடுக்காத. ஒரு மணி நேரம் இரு” என்றாள் சரசா.

கானிட்கர் அறைக்கு ஓடி, இரண்டு மீட்டர் பத்து வேண்டும் என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்பத்தோரு கட்டிடங்கள், ஒவ்வொன்றிலும் குழந்தைகள், கிழவர்கள், படியில் நின்று பேசுகிறவர்கள். ஒருவர் விழுந்தாலும் ஆபீஸை மூட வேண்டியதுதான். டெலிஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாற்பத்தோரு செக்ரட்டரிகளையும் தானே கூப்பிட்டு, நான்கு மணிக்குப் படியிலும் லிஃப்டிலும் ஒரு ஜீவன் இருக்கக்கூடாது என்று மராத்தியில் கெஞ்சினார். பட்டாபிராமனிடம் மட்டும் ஆங்கிலம்.

பட்டாபிராமன் ஃபோனைச் சரசாவிடம் கொடுக்கச் சொன்னார். “எவ்வளவும்மா?”

“ரெண்டு பத்து, சார்.”

“சரி. மிக்ஸியை நிறுத்தச் சொல்லிடறேன். நடத்து.”

நான்கு மணிக்குச் சரசா எண்ணை அடித்தாள். வரவிருந்த வெள்ளம் வந்தது. நாற்பத்தோரு கட்டிடங்களுக்கு அடியில் சோபாக்களும் கேஸ் சிலிண்டர்களும், தூங்கிக்கொண்டே ஓர் எருமையும் மிதந்துபோயின. மேலே எல்லோர் வீட்டிலும் பஜ்ஜி.

அதற்குப் பிறகு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஜூன் பத்தாம் தேதி ஏற்றம், தசராவுக்கு மறுநாள் இறக்கம். கணபதி சந்தா அறிவிப்புக்குப் பக்கத்திலேயே அந்த அறிவிப்பையும் ஒட்டிவிடுகிறார்கள். ஆபீஸில் மென்பொருள் நான்கு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அது நீக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று பதில் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

அந்த 2005 வெள்ளத்துக்கு மறுநாள் காலையில் சரசா ஔந்திலிருந்து சேற்றில் நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாசற்படி அவள் தலைக்கு மேலே இருந்தது. சின்னதுரை பட்டறையிலிருந்து இரும்புக் கம்பிகள் கொண்டுவந்து அதற்குள் ஓர் ஏணி வெல்டு செய்து சாய்த்திருந்தான். அவள் முதல் படியில் கால் வைத்ததும் ஏணி ஆடியது. ஒரு கால் அரை அங்குலம் குட்டை.

“அளந்து செய்யக் கூடாதா?” என்றாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ரஞ்சன்காவ் பாரத்தை எடுத்தான். நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், குனிந்து அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினான்.

“இப்ப ஏறு.”

சரசா ஏறினாள். ஏணி ஆடவில்லை.