வேரோடு விழுந்த பல்

ராங்ஃப்ரிட்டின் இடது பாதத்தில் மூன்றாவது முறையாக எலும்பு விரிசல் விட்டிருந்தது. விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை, ஓலசுண்ட் ஊரின் மேட்டுத் தெருக்களில் தபால்பையோடு நடந்ததுதான் அவள் செய்த குற்றம். டாக்டர் ஓட்வார் ஆறு வருடமாக ஒரே பாட்டைப் பாடினார்: எலும்பு மென்மையாகிவிட்டது, தினம் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடி. அந்த ஊரில் தாய்ப்பாலுக்கு அடுத்தது மீனெண்ணெய்தான். அதைக் குடிக்காமல் அவள் ஒரு குளிர்காலத்தையும் கழித்ததில்லை. சொன்னால் அவர் நம்பினால்தானே?

இரத்த அறிக்கையில் ஒரு நொதியின் அளவு எல்லா வருடமும் குறைவாகவே இருந்தது. அவள் விரல் வைத்துக் காட்டும்போதெல்லாம், கூடினால்தான் கவலை, குறைந்தால் நல்லதுதான் என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வருவாள்.

சனிக்கிழமை காலை, இரண்டு வயது மகள் சின்னெ ரொட்டியைக் கடித்தாள். முன்பல் ரொட்டியிலேயே நின்றுவிட்டது. இரவில் வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு போட்டுவிட்டுப் போகும் பல் தேவதைக்காக, ஊர் வழக்கப்படி ராங்ஃப்ரிட் அதைத் தண்ணீர்க் குவளையில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வயதில் விழும் பால்பல்லில் வேர் கரைந்து போயிருக்கும். இதில் வேர் நீளமாக, முழுசாக இருந்தது. ராங்ஃப்ரிட்டுக்கும் மூன்று வயதில் பல் இப்படித்தான் விழுந்தது. முள்ளங்கி பிடுங்கின மாதிரி என்று அப்பா கேலி செய்வார்.

திங்கட்கிழமை குவளையைக் கொண்டுபோய் டாக்டரின் மேசையில் வைத்தாள்.

"என் மகளும் மீனெண்ணெய் குடிக்கலைன்னு சொல்லப்போறீங்களா, ஓட்வார்?"

அவர் பல்லைப் பார்த்தார். கணினியில் எதையோ தேடிப் படித்தார். பிறகு ஆறு வருட அறிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். காதுமடல் சிவந்துவிட்டது.

"நீங்க சொன்னதுதான் சரி. கம்மியா இருக்கிறதுதான் நோயே. அந்த நொதி போதலைன்னா எலும்புல சுண்ணாம்பு ஏறாது, பல்லும் பிடிச்சு நிக்காது. மீனெண்ணெய் பீப்பாய் பீப்பாயா குடிச்சாலும் பிரயோஜனமில்லை." குரல் தாழ்ந்தது. "சோதனை பண்ணித்தான் உறுதி சொல்லணும். ஆனா இது மரபணுவுல வர்றது. உங்ககிட்டேர்ந்து குழந்தைக்கு..."



நீங்க சொன்னதுதான் சரி. இதைக் கேட்கத்தான் அவள் ஆறு வருடம் காத்திருந்தாள். இப்போது அவளுக்கு முன்னைவிடப் பெரிய கோபம் வந்தது. குவளையின் அடியில் சின்னெயின் பல் கிடந்தது. இந்த ஒரு தடவையாவது இந்த மனிதர் மீனெண்ணெய் குடி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?