பதினேழாவது கேள்வி

...எத்தனை தடவை என்று கேட்டால் சொல்லிவிடலாம், இந்த மாதம் மகள் கதவை உதைத்தது இரண்டு, அவள் அம்மாவிடம் கத்தியது நாலு, தட்டை வீசியது ஒன்று, அதுவும் போன செவ்வாய்க்கிழமை, சுவரில்தான் பட்டது, ஆள் மேல் இல்லை, அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரி, இதே அறை, இதே படிவம், அப்போது எண்ணி மாளவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வரும்? பேசிப் பேசியே அதைத் தணிக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கிறார்களாம், பாதிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை ஆலோசகரோடு பேச்சு, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் எங்களுக்குப் பேச்சு விழுந்தது. படிவம் வாங்குகிற இந்த மேடத்துக்கு மட்டும் அது தெரியக் கூடாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். "சார், எந்த குரூப்னு வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க" என்று சிரித்தார், நானும் தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பதினேழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'உங்கள் பிள்ளையைக் கண்டு பயப்படுகிறீர்களா?' ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும். போன தடவை யோசிக்கவேயில்லை, ஒருபோதும் இல்லை, டிக். லிஃப்ட் மெக்கானிக், பதினெட்டு மாடிக் குழிக்குள் இடுப்பு பெல்ட்டை நம்பி இறங்குகிறவன், பெற்ற மகளுக்குப் பயப்படுகிறேன் என்று எழுதுவேனா, வெட்கக்கேடு... ஆனால் அந்த நாட்களில் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, உள்ளே சத்தம் எப்படியிருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவன் யார்? கத்தரிக்கோலையெல்லாம் மனைவியிடம்கூடச் சொல்லாமல் டூல் பாக்ஸில் வைத்துப் பூட்டினேனே, எதற்கு? இப்போது அவ்வளவு இல்லை, கொஞ்சம் உண்டு, உள்ளதைச் சொன்னால் 'சில நேரம்'. ஆனால் அன்றைக்கு இல்லை, இன்றைக்குச் சில நேரம் என்றால், பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும், பேசப் பேச மோசமாகிவிட்டாள் என்றல்லவா தெரியும்? வாரம் தவறாமல் வந்தாள், அழுது வீங்கிய முகத்தோடு வெளியே வந்தாள், தட்டு உடைந்ததும் அவளேதான் துடைப்பத்தை எடுத்து வந்தாள்... என் வறட்டு கௌரவத்துக்கு அவள் தலையில் ஒரு கெட்ட மார்க்கா? இன்றைக்கும் அதே பொய்யை எழுதினால் யாருக்கு நஷ்டம்? இல்லை, இவள் மாதிரி இன்னும் எத்தனை பிள்ளைகளுக்காக இதைச் செய்கிறார்களோ...

"மேடம், போன தடவ ஒண்ணு தப்பா எழுதிட்டேன். தப்புன்னா... பொய்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பழைய படிவத்த மாத்த முடியாது சார். நீங்க சொன்னத தனியா குறிச்சு வைக்கிறேன். இன்னைக்கு மனசுல இருக்கறத எழுதுங்க." அவ்வளவுதான், முகம்கூட மாறவில்லை. சில நேரம், டிக் போட்டேன்.

பக்கத்து அறையில் தன் படிவத்தை முடித்துக்கொண்டு மகள் வந்தாள், இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"அந்த பயம் கேள்விக்கு என்னப்பா போட்ட?"

தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படி தெரியும்?"

"எனக்கும் இருந்துச்சே. அப்பா அம்மாவ பாத்து பயப்படுறியான்னு."

நீ என்ன போட்ட என்று கேட்டிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது, அதற்குள் பஸ் வந்துவிட்டது, அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். நாலைந்து வயதில், நான் குரலை உயர்த்தினால் குளியலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள், தண்ணீரை வீணாக்குகிறாள் என்று அதற்கும் சேர்த்துக் கத்துவேன்... அந்தத் தண்ணீர்ச் சத்தம் எதற்கென்று இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது யோசித்தேனா?