முந்திரி அரைத்துவிட்ட குருமா

அன்று குருமாவுக்கு எழில்மொழி பொட்டுக்கடலை அரைக்கவில்லை. கால் கிலோ முந்திரியை வெந்நீரில் ஊறப்போட்டு, கையில் தொட்டால் திப்பி தட்டாதபடி வழுவழுவென்று அரைத்து ஊற்றினாள். குந்தவை டீச்சர் சாப்பிட வருகிறாள் என்றால் சும்மாவா?

சும்மா இல்லைதான். கீழ்வேளூரை ஒட்டிய அந்த ஊரில், பெரிய நிலக்காரர் பஞ்சநதம் வீட்டிலிருந்து ஒருவர் எழில்மொழியின் தெருவுக்குள் வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை. ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள். அறுப்புக்கு ஆள் கூப்பிட வந்திருக்கிறார்கள். சாவு விழுந்தால் தெருமுனையில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சோடா வாங்கிக் கொடுத்தால் மூடியைத் தாங்களே திறந்துகொள்வார்கள். எழில்மொழியின் அப்பா வைரக்கண்ணு அந்த வீட்டு நிலத்தில் முப்பது வருஷம் முதுகொடிய உழைத்தவர். இப்போது அவர் மகளும் அந்த வீட்டு மருமகள் குந்தவையும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார்கள். காலம் மாறத்தான் செய்கிறது. என்ன, கொஞ்சம் நொண்டிக்கொண்டு மாறுகிறது.

இரண்டு பேருமே சொந்தப் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பாமல் தங்கள் பள்ளியிலேயே சேர்த்தவர்கள். எழில்மொழியின் மகள் பூவிழியும் குந்தவையின் மகள் சஷ்விகாவும் இரண்டாம் வகுப்பு. போன கார்த்திகையில் பூவிழியின் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க கேக் கொடுத்தபோது, சஷ்விகா மட்டும் கையை நீட்டவில்லை. "அம்மா வெளியில எதுவும் வாங்கித் தின்னக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டது குழந்தை. எழில்மொழி அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு மறக்காமல் மனசில் போட்டு வைத்துக்கொண்டாள். படித்த மருமகளாக இருந்தால் என்ன, புத்தி எங்கே போகும் என்று நினைத்தாள்.

அதனால்தான் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தபோது, "கண்டிப்பா வர்றேன் டீச்சர், சாப்பாட்டுக்கே வர்றேன்" என்று குந்தவை சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை. கணவன் வளவனிடம் மூன்று தடவை சொன்னாள். முந்திரி வந்தது அப்படித்தான்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். குந்தவை ஸ்கூட்டியில் மகளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தாள். அறை அறையாகப் பார்த்து, அடுப்படி மேடை வாகாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னாள். பந்தியிலும் தயங்கவில்லை. காய்கறி பிரியாணியும் குருமாவும் தயிர்ப்பச்சடியும் வைத்த இலையில் கை வைத்து நன்றாகவே சாப்பிட்டாள். தெருவே ஓரக்கண்ணால் பார்த்தது.

பக்கத்து இலை சஷ்விகாவுக்கு. எழில்மொழி குருமா வாளியோடு குனிந்தபோது குந்தவை சட்டென்று இலையின் குறுக்கே கை வைத்தாள்.

"அவளுக்கு வேணாம் டீச்சர். வீட்லயே சாப்பிட்டுட்டா."

எழில்மொழிக்குச் சுருக்கென்றது. தான் சாப்பிட்டுக் காட்டுவாளாம், பிள்ளையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம். சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். ஆனால் நாலு இலைக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன் டீச்சர், எங்க வீட்ல உங்க புள்ள கை நனைக்கக் கூடாதா?"

குந்தவையின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தன் இலையில் கிடந்த குருமாவை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். கேரட், பீன்ஸ், பட்டாணி. வேறெதுவும் தட்டுப்படவில்லை. அதையும் எழில்மொழி பார்த்தாள், சோற்றில் புழுவா தேடுகிறாள் என்று இன்னும் எரிந்தாள்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல டீச்சர். போடுங்க. கொஞ்சமா போடுங்க."

எழில்மொழி பிரியாணியையும் குருமாவையும் கொஞ்சமாகப் போடவில்லை. ஜெயித்தவள் அள்ளி ஊற்றுவாள், கிள்ளியா வைப்பாள்? குழந்தை அம்மாவை அண்ணாந்து பார்த்தது. அம்மா தலையசைத்தாள். குழந்தை பிரியாணியைக் குருமாவில் தோய்த்து நாலு வாய் சாப்பிட்டது.

ஐந்தாவது வாய்க்கு முன்னால் கையை நிறுத்தியது.

"அம்மா, நாக்கு அரிக்குதும்மா."

குந்தவையின் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. அடுத்து நடந்ததை எழில்மொழி பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் வரிசை பிடிபடவில்லை. குழந்தையின் கீழுதடு தடித்தது. கண்ணிமைகள் வீங்கின. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு எழும்பி மேலே ஏறியது. ஒரு தடவை இருமியது, மேஜை மீதே வாந்தி எடுத்தது. அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெஞ்சுகள் சரிந்தன. யாரோ பின்னாலிருந்து, "சோத்துல என்னத்தப் போட்டுத் தொலைச்சாங்க?" என்று கேட்டார்கள்.

எழில்மொழிக்கு முதலில் குழந்தை உறைக்கவில்லை. இதைச் சொல்ல அவளுக்கே பிற்பாடு நாக்கூசியது. பஞ்சநதம் வீட்டுப் பேத்தி என் வீட்டுச் சோற்றைத் தின்று செத்தாள் என்றால் இந்தத் தெரு என்னாகும், அதுதான் முதலில் உறைத்தது. வாளியைப் பிடித்தபடியே நின்றாள்.

மொட்டைமாடியில் விளையாடிக்கொண்டிருந்த பூவிழி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். தோழியின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, முந்திரி போட்டியா?"

"என்னடி?"

"அவளுக்கு முந்திரி ஆகாதும்மா. தின்னா மூச்சு நின்னுடும். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னா. கேக்குல முந்திரி இருந்துச்சு, அதான் வேணாம்னா."

எழில்மொழி குந்தவையைப் பார்த்தாள். வியப்பு அந்த முகத்தில் இல்லை. பயம் மட்டுமே இருந்தது. இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையசைத்திருக்கிறாள்.

"முந்திரி போட்டீங்களா?" குந்தவை குழந்தையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"அரைச்சு ஊத்தியிருக்கேன். உங்களுக்குன்னுதான் ஊத்துனேன்."

வாடகைப் பாத்திரம் திருப்பி எடுத்துப் போக வந்திருந்த சைபுல்லாவின் லோடு ஆட்டோ வாசலில் நின்றது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் கிடந்த அண்டா இரண்டையும் ரோட்டில் உருட்டித் தள்ளிவிட்டு, "ஏறுங்கம்மா" என்றார். குந்தவை குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். எழில்மொழி எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

சம்பா அறுப்புக் காலம். பாதி ரோடு நெல் காய்ந்தது. சைபுல்லா நெல்லின் மேலேயே ஏற்றி ஓட்டினார். காயப்போட்டவர்கள் கத்தியது கொஞ்ச தூரம் பின்னால் வந்து நின்றுபோயிற்று. வாய்க்கால் மதகுக்கிட்டே அறுவடை இயந்திரம் ஒன்று ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லை. சைபுல்லா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அவ்வளவு பெரிய வண்டியை அப்படியே வயலுக்குள் இறக்கிவிட்டார். அதற்குள் சஷ்விகாவின் சீழ்க்கைச் சத்தம் குறைந்திருந்தது. எழில்மொழி சரியாகிறது என்று நினைத்தாள். உதடு நீலம் பாரித்ததைப் பார்த்த பிறகுதான் அது சரியாகவில்லை என்று புரிந்தது.

"சஷ்வி, கண்ணத் தொற. சஷ்வி" என்று குந்தவை சொல்லிக்கொண்டே வந்தாள்.

கீழ்வேளூர் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

"முந்திரி" என்றாள் எழில்மொழி. "அரைச்சது. குருமால. நாலு வாய். அரை மணி நேரம் இருக்கும்."

டாக்டர் வேறெதுவும் கேட்காமல் தொடையில் ஊசி போட்டாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். சில நிமிடங்கள் கழித்து இன்னொரு ஊசி. மூன்று பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்றதில் எழில்மொழிக்குக் குழந்தையின் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அசைந்தது.

"பொழச்சிட்டா" என்றாள் டாக்டர், வெளியே வந்து. "இன்னும் பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எங்கிட்ட கேக்காதீங்க. இவளுக்கு முந்திரி ஆகாதுன்னு முன்னாடியே தெரியுமா?"

குந்தவை தலையசைத்தாள்.

"தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லி வைக்கலையா? ஸ்கூல்ல, சொந்தக்காரங்ககிட்ட, விருந்துக்குப் போற வீட்ல? இதுல என்னங்க ரகசியம்?" டாக்டர் கோபத்தோடு உள்ளே போனாள்.

இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குந்தவைதான் ஆரம்பித்தாள்.

"ரெண்டு வயசுல ஒருக்கா இப்படி ஆச்சு டீச்சர். தஞ்சாவூர் டாக்டர் ஊருக்கே சொல்லி வைங்கன்னாரு. மாமா ஒத்துக்கல. பொட்டப்புள்ள, நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும், குறை இருக்குன்னு பேராயிடும்னாரு. அவளையும் யார்கிட்டயும் சொல்லாதன்னு மிரட்டி வச்சிருக்கோம்."

"எங்கிட்ட கேட்ருக்கலாம்ல? குருமால என்ன போட்டீங்கன்னு ஒரு வார்த்த."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எங்க வீட்லேந்து வந்து உக்காந்துக்கிட்டு, உங்க சோத்துல என்ன இருக்குன்னு கேட்டா நீங்க என்ன நெனச்சிருப்பீங்க?"

என்ன நினைத்திருப்பாள் என்று எழில்மொழிக்கு நன்றாகத் தெரியும். இந்த ஜென்மத்துக்கும் குந்தவையின் முகத்தில் விழித்திருக்க மாட்டாள். கேட்காமல் இருந்ததற்கே அந்தச் சொல்லைச் சொன்னவள்தானே. ஒருத்தி மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டாள், ஒருத்தி மரியாதைக்கு முந்திரி அரைத்தாள், மானத்துக்கு மல்லுக்கட்டினாள். இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஏழு வயதுப் பிள்ளையின் மூச்சு நின்றுபோகப் பார்த்தது.

மூன்று மணிக்குப் பஞ்சநதம் வந்தார். எழுபது வயது, வெள்ளை வேட்டி, வேர்த்துப்போன சட்டை. எழில்மொழி தன்னையறியாமல் எழுந்து நின்றாள். நின்றுவிட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. அவர் அவளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"எங்க சாப்ட்டா?"

எழில்மொழி குந்தவையின் வாயையே பார்த்தாள். இவள் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் போதும், தெருவை அடிக்க ஆள் வந்துவிடும்.

"நான்தான் மாமா சாப்பிட விட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. முந்திரி ஆகாதுன்னு நாம யாருக்கும் சொல்லல."

"மெதுவாப் பேசு" என்றார் பஞ்சநதம், சுற்றும் முற்றும் பார்த்து. "நாலு பேரு காதுல விழும்."

"விழட்டும் மாமா. விழாமப் பாத்துக்கிட்டதுக்குத்தான் இன்னைக்கு இங்க வந்து கெடக்கோம். நாளைக்கு ஸ்கூல்ல சொல்லப்போறேன். வாட்ஸப்ல சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் அனுப்பப்போறேன். கட்டிக்குடுக்க மொதல்ல அவ உசுரோட இருக்கணும்."

மருமகள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. மெல்ல நடந்து வெளியே போனார்.

நாலரை மணிக்கு சஷ்விகா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. ராத்திரி இங்கேயே இருக்கட்டும், இப்போது லேசாக ஏதாவது கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். குந்தவை வீட்டுக்காரனோடு பேச வராந்தாவுக்குப் போனாள். சிங்கப்பூரிலிருந்து அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தான். எழில்மொழி கட்டிலின் ஒரு பக்கம் நின்றாள்.

பஞ்சநதம் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். எதிர்க்கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தார். பிரித்து ஒன்றை எடுத்தார்.

"பசிக்குதாடா தங்கம்? இந்தா, தாத்தா வாங்கியாந்தேன்."

குழந்தை வாயைத் திறந்தது. எழில்மொழி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பொடி எழுத்து. அவள் யோசிக்கவில்லை. கட்டிலின் குறுக்கே பாய்ந்து, அவர் விரலிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கினாள். இன்னொரு கையால் பாக்கெட்டையும் பிடுங்கினாள்.

பஞ்சநதத்தின் கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கையிலிருந்து எழில்மொழி வீட்டில் மூன்று தலைமுறை கூலி நெல் வாங்கியிருக்கிறது. யாரும் அதிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை.

"பிஸ்கட்டுதானேம்மா" என்றார்.

எழில்மொழி பாக்கெட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். "கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், முந்திரி."

கிழவர் அந்த வரியைப் பார்த்தார். குழந்தையின் திறந்த வாயைப் பார்த்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் குடுத்திருந்தா?"

எழில்மொழி பிஸ்கட் தொட்ட கையைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லி அவரைக் குழாயடிக்கு அனுப்பினாள். அவர் எழுந்து போனார்.