கரும்பலகையில் ஒரு தம்பி

நான் எழுதியிருந்த 'விதி' என்ற சொல்லைத் தையல்காரர் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் எங்கள் கூட்டத்தின் சட்டம். வாரம் ஒருவர் தன் நாடகக் கதையை ஒரே வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதுவார். மற்ற மூவரும் அதை அடித்துத் திருத்துவார்கள். முடியும்வரை எழுதியவர் மூச்சு விடக் கூடாது. விளக்கம் சொன்னால்தான் புரியும் என்றால் அது கதையே இல்லை என்பது கணக்கு டீச்சரின் கட்சி. அவருடைய டியூஷன் அறையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். பலகையின் ஓரத்தில் பிள்ளைகளுக்குப் போட்ட முக்கோணம் ஒன்று எப்போதும் பாதி அழிந்து கிடக்கும்.

என் வாக்கியம் இது: 'குடும்பத்துக்காகத் தன் வாழ்க்கையையே தியாகம் செய்த ஒரு பெண், நாற்பத்திரண்டு வயதில் தேடி வந்த அன்பை விதியின் விளையாட்டால் இழக்கிறாள்.' எழுதி முடித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நானே ஒருமுறை ரசித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது மனத்துக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்து, மேடையில் பரிசு வாங்குவதுவரை போயிருந்தேன். அந்தப் பெண் என் அக்கா என்று யாரிடமும் சொல்லவில்லை. கதைதானே, சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

"தியாகத்தையும் எடுத்துடுங்க," என்றார் டீச்சர். "அத பாக்கறவங்க சொல்லணும். நாமளே சொன்னா பாராட்டு விழா மாதிரி இருக்கு."

தையல்காரர் எடுத்தார். துணியானாலும் வாக்கியமானாலும் வெட்டுவதற்கு அவர் கை கூசாது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் அதிகம் பேசாதவர். "யாரு தடுக்கறா?" என்று கேட்டார்.

"குடும்பம்னு வச்சுக்கலாமே," என்றார் தையல்காரர்.

"குடும்பங்கறது ஒரு ஆளா? நான் எத்தன வீட்டுக்குப் போறேன். வாசல் வரைக்கும் வீடே அழுதுகிட்டு வரும். வண்டியில நோயாளியோட ஏறுறது ஒருத்தர்தான். அந்தப் பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா அடுத்தது யார் ஏறணுமோ, அவன்தான் தடுப்பான்."

டீச்சர் சாக்பீஸை எடுத்துத் 'தம்பி' என்று எழுதினார். அண்ணன் என்று எழுதியிருக்கலாம், சித்தப்பா என்று எழுதியிருக்கலாம். "அக்கா பாத்துக்குவான்னே வளர்ந்தவன் தம்பிதான்," என்றார். தையல்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஆட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அக்கா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரும் வேலை பார்க்கிறார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறும்வரை குடிக்கவில்லை. "அவங்ககிட்ட நேரா கேக்க எனக்கு வாய் வரல. நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனில் கூப்பிட்டு, "அக்காவுக்கு இதுல விருப்பமில்லீங்க, தப்பா எடுத்துக்காதீங்க," என்று மிக மரியாதையாகச் சொன்னேன். அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. இந்த வயதில் எதற்கு, ஆள் எப்படியோ என்று எனக்கு நானே ஒரு கூடை காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ள காரணம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோவது அக்கா. என் மனைவிக்கு அது ஆகாது. எனக்குக் குமட்டும். போன வாரம் அக்கா துணி மடித்துக்கொண்டே, "எங்க லேப்ல ஒருத்தர் மாசக் கடைசியில வேற ஊருக்கு மாத்தலாகிப் போறாரு," என்றாள். மடித்த துண்டை உதறிவிட்டு மறுபடி மடித்தாள். எனக்குக் கதை தோன்றியது அப்போதுதான். சொல்லவே கேவலமாக இருக்கிறது.

"தம்பி என்ன செய்யறான்? சும்மா நின்னா நாடகம் இல்ல," என்றார் டீச்சர்.

"வந்த கடுதாசிய ஒளிச்சு வைக்கறான்," என்றார் தையல்காரர்.

"அரதப் பழசு."

"பெருசா ஒண்ணும் வேணாங்க," என்றார் ஓட்டுநர். "பொண்ணு கேட்டு வந்தவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கறான். அக்காவுக்கு இஷ்டமில்லன்னு சொல்லி அனுப்பிடறான். அவளைக் கேக்கவே இல்ல. அவ்வளவுதான்."

டீயைக்கூட விடவில்லை மனிதர். என் காது சுட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார். இருந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அக்கா வீட்டில் இருக்க ஒரு காரணமாக அம்மாவையும், கதைக்கு ஒரு கெடுவாக வந்தவரின் ஊர்மாற்றத்தையும் தானே சேர்த்து டீச்சர் எழுதி முடித்தார். 'அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக, அவளைப் பெண் கேட்டு வந்தவரிடம் அவளைக் கேட்காமலே விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பும் தம்பி, அவர் ஊரைவிட்டுப் போவதற்குள் அவளிடம் உண்மையைச் சொல்வானா?'

"இப்ப இது கதை," என்றார் தையல்காரர். "இத்தன மாசத்துல உங்க லைன்ல இதுதான் பெஸ்ட்டு. அந்தத் தம்பிய உள்ளுக்குள்ள போய்ப் பிடிச்சிருக்கீங்க." மூவரும் கைதட்டினார்கள். முடிவில் நன்றி மட்டும் சொல்லலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. சொன்னேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் அதற்கும் நன்றி சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் காது மந்தம். கையை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க உங்க ஆளுங்க?" என்றாள் அக்கா. என் வாக்கியங்களைப் பதினைந்து வருடமாகக் கேட்பவள் அவள்தான். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். அவளே மாத்திரை எடுத்து வந்திருப்பாள். அதை நினைத்தபோதுதான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். டீச்சரின் வாக்கியத்தை நின்றபடியே படித்தேன். குரல் எனக்கே கேட்காமல் இறங்கிவிட்டது. அவள் நகவெட்டியை நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா அந்தத் தம்பிய ரொம்பக் கெட்டவனா ஆக்கிட்டாங்கடா. நம்பற மாதிரி இல்ல. எந்தத் தம்பியாவது அக்காவக் கேக்காம சொல்லுவானா? கேட்டிருப்பான். அவதான் வேணாம்னு சொல்லியிருப்பா. அப்படி மாத்தச் சொல்லு."

இவ்வளவு காலத்தில் எத்தனையோ பேர் என் கதைகளைக் கிழித்திருக்கிறார்கள். இப்படி யாரும் என்னைக் காப்பாற்ற வந்ததில்லை. சரி, மாற்றிவிடலாம் என்று சொன்னால் முடிந்தது. அவளே வழியும் காட்டிவிட்டாள். நாக்கு நுனிவரை வந்தது.

"கேக்கலக்கா," என்றேன். "லேப்காரர் என்னைப் பாக்க ஆபீசுக்கு வந்தாரு. நான் உன்னைக் கேக்கல."

நகவெட்டி நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் மடியில் உதிர்ந்திருந்த நகத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உள்ளங்கையில் சேர்த்து, அந்தக் கையை மூடிக்கொண்டாள். அம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"இன்னும் ரெண்டு விரல் இருக்கு," என்று கையை நீட்டினாள்.

அந்தக் கை எங்கள் இருவருக்கும் நடுவில், யாரும் பிடிக்காமல் நீண்டிருந்தது.