அப்துல் சமத்துக்குப் பதில் சொல்கிறவர்

வாட்ஸப் குழுவில் ஸ்ரீவத்சனைச் சேர்த்த பன்னிரண்டாவது நிமிடத்தில் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். கபாலி எண்ணிப் பார்த்தார். ஆறு வருடமாக, தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு, ரோஜாப்பூவும் சூரியனும் தேசியக்கொடியும் ஒரே சட்டகத்துக்குள் வருகிற மாதிரி ஒரு வணக்கப் படத்தை அவர் அந்தக் குழுவில் போட்டுவருகிறார். அதற்கு அதிகபட்சமாக விழுந்தது இரண்டு விரல். அதில் ஒன்று அவரே தன்னுடைய இன்னொரு நம்பரிலிருந்து போட்டது. நேற்று வந்தவன் வெறுமனே 'எல்லாருக்கும் நமஸ்காரம், சௌக்கியமா' என்று மட்டும் எழுதியிருக்கிறான். படம்கூட இல்லை.

குழுவில் இருந்தவர்கள் பதினைந்து பேர். ஸ்ரீவத்சனோடு பதினாறு. எல்லாரும் தொண்ணூற்றொன்பதில் கார்கில் பக்கம் ஒரே பிளாட்டூனாக மலைக்குப் போனவர்கள். இப்போது சென்னையில் ஆளுக்கொரு வேலையாக, ஆளுக்கொரு முழங்கால் வலியாக இருக்கிறார்கள். கபாலி ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஸ்ரீவத்சன் மட்டும் சண்டை முடிந்ததும் எங்கேயோ மாற்றலாகி, புனே பக்கம் செட்டிலாகி, இருபத்தாறு வருடம் ஆளே அகப்படாமல் இருந்தான். அவனைக் கண்டுபிடித்தது சுபேதாராக இருந்து ரிட்டயரான கலீமுல்லா சாப். கண் ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு பேருக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்களாம். பக்கத்து நாற்காலியில் யாரோ நர்ஸிடம், மருந்து விட்ட முறை சரியில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை வைத்தே பிடித்துவிட்டார் சாப். பையன் மயிலாப்பூரில் ஃபிளாட் வாங்கியதால் ஊரோடு வந்துவிட்டானாம்.

"இன்னாயா, சக்களத்தி வந்துட்டா மாதிரி மொறைச்சிகினு கீற அந்த போனை" என்றாள் கோமளம்.

கபாலி போனைக் கவிழ்த்து வைத்தார். மனைவி சரியாகச் சொல்லிவிடுகிற சந்தர்ப்பங்களில் அவர் பதில் சொல்வதில்லை.

வருடா வருடம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சைதாப்பேட்டையில் ஒரு ஹோட்டல் மாடியில் கூடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கலீமுல்லா சாப் ஒரு நீள நோட்டைத் திறந்து பிளாட்டூன் ஆஜர் எடுப்பார். பெயரைக் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து "ஹாஜிர் சாப்" என்பார்கள். பட்டாளத்தில் இரண்டிரண்டு பேராக ஜோடி போட்டுவிடுவது வழக்கம். ஒரே பங்கர், ஒரே ஸ்டவ், ஒருவன் தூங்கினால் மற்றவன் முழிப்பு. ஜோடியில் ஒருவன் இல்லாவிட்டால் மற்றவன்தான் அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டும். அந்த பிளாட்டூன் மலையிலிருந்து இறங்கியபோது கூட வராதவர் ஒரே ஒருவர்தான். லான்ஸ் நாயக் அப்துல் சமத், சென்னை ஐஸ் ஹவுஸ் பகுதிக்காரர், வயது இருபத்தேழு. அவருடைய ஜோடி கபாலி. அதனால் நோட்டில் கபாலிக்கு மட்டும் இரண்டு ஹாஜிர்.

தன் பெயருக்குச் சொல்லும்போது கபாலியின் குரல் சாதாரணமாக இருக்கும். சமத்தின் பெயருக்குத்தான் அவர் தயாராகி வருவார். முதல் நாள் தயிர் சேர்த்துக்கொள்ள மாட்டார். பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு, குளியலறையில் வாளியில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்ப்பார். அந்த ஒரு சொல்லில் ஹோட்டல் மாடியே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். பரிமாற வந்தவர்கூட சாம்பார் வாளியோடு அப்படியே நிற்பார். மற்ற முன்னூற்று அறுபத்து நாலு நாளும் மற்றவர்களுக்காக கேட்டைத் திறந்துவிடுகிற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த வருடக் கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை சாப் போன் செய்தார்.

"அரே கபாலி, இந்த வாட்டி சமத்துக்கு வத்சன் சொல்லட்டும். கடேசி நேரத்துல பக்கத்துல இருந்தவன் அவன்தானே. இத்தினி வருஷம் கழிச்சு வந்திருக்கான். இன்னா சொல்றே?"

"சரி சாப்" என்றார் கபாலி. கலீமுல்லா சாப்பிடம் அவர் வேறு எதுவும் சொல்லிப் பழகியதில்லை.

போனை வைத்த பிறகுதான் காது சூடானது. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவன். ஏன் இருந்தான்? கபாலி ஏன் இல்லை? அந்தக் கதை யாருக்கும் சொல்லும்படியானது அல்ல. குண்டடி பட்டு இறங்கினார் என்றால் சொல்லலாம். பனியில் விரல் போயிற்று என்றாலும் பரவாயில்லை. பிளாட்டூன் மேலே ஏறுவதற்கு முந்தின நாள் கபாலிக்கு வந்தது பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பூரி மாதிரி உப்பி, வாய் திறக்க முடியாமல் நின்றார். அதைத் தொட்டுப் பார்த்து, 'ஒட்டுவாரொட்டி, இவனைக் கீழே அனுப்புங்கோ' என்று சீட்டு எழுதியது பிளாட்டூனோடு வந்த நர்ஸிங் அஸிஸ்டெண்ட். ஜவான்கள் எல்லாரும் 'டாக்டர்' என்று கூப்பிட்ட அந்த ஒல்லி ஸ்ரீவத்சன். நாடே மலையைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் கபாலி கீழே ஒரு கூடாரத்தில் தாடைக்குத் துணி கட்டிக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

ஆக, தன்னைக் கீழே அனுப்பியவனே தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். இப்போது ஆஜரிலும் உட்காரப் போகிறான். இதை நினைக்க நினைக்க, கம்பெனி வாசலில் வருகிற கார்களின் டிக்கியை கபாலி வழக்கத்தைவிட ஆழமாகச் சோதனை போட்டார். மேனேஜர் காரில் ஒரு டென்னிஸ் பந்தைக் கண்டுபிடித்து, அதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனார். மிரட்டுவதா கெஞ்சுவதா என்று மந்தைவெளி வரை முடிவாகவில்லை. லிப்டில் ஏறும்போது மிரட்டுவது என்று முடிவு செய்தார்.

கதவைத் திறந்த ஸ்ரீவத்சனுக்குத் தலை மொத்தமாகப் போயிருந்தது. அந்தக் காலத்து ஒல்லி மட்டும் அப்படியே இருந்தது. அதுவும் கபாலிக்குப் பிடிக்கவில்லை.

"வாடா. நீ வருவேன்னு தெரியும். ஆத்துல யாரும் இல்லை, எல்லாரும் கச்சேரிக்குப் போயிருக்கா. உக்காரு. மூஞ்சி ஏன் செக்கச்செவேல்னு இருக்கு? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறியோ?"

"அத்த விடு டாக்டரே. நான் வேற விசயமா வந்தேன்."

"விஷயத்தைச் சொல்லிண்டே கையை நீட்டு."

பட்டாளத்தில் நர்ஸிங் அஸிஸ்டெண்ட் கையை நீட்டச் சொன்னால் நீட்டித்தான் பழக்கம். கபாலி நீட்டினார். ஸ்ரீவத்சன் பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்க ஆரம்பித்தான். மிரட்ட வந்த இடத்தில் ஒரு கையைக் கொடுத்துவிட்டு மிரட்டுவது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

"நாளிக்கு ஆஜர்ல சமத் பேருக்கு நீ சொல்லப் போறியாமே. இருவத்தஞ்சு வருசமா நான் சொல்லிகினு வரேன். அவன் ஜோடி நானு. நீ நடுவுல வந்து..."

"சொல்லலை."

"இன்னா?"

"நான் சொல்லப் போறதில்லை. சாப்கிட்ட மாட்டேன்னு சொல்றதுக்கு வாய் வரலை, அவ்வளவுதான். நீயே சொல்லு. பேசாம இரு, நம்பர் ஏறறது."

கபாலி வந்த காரியம் முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் கை மாட்டியிருந்தது. பட்டை இறுகிக்கொண்டே போனது.

"உன் மேல எனக்கு எத்தனை எரிச்சல் தெரியுமோ" என்றான் ஸ்ரீவத்சன், கண்ணை பிரஷர் மானியிலிருந்து எடுக்காமல். "புனேல இருந்துண்டு, இந்தப் பக்கமே வராததுக்குப் பாதிக் காரணம் நீ."

"நான் இன்னா பண்ணேன்? நான்தான் வாய் தொறக்க முடியாம கீழ கெடந்தேனே."

"கீழேதான் இருந்தே. அவனுக்கு அது ஞாபகம் இல்லை. வயித்துல அடி. பாறைக்கு அடியில ராத்திரி மூணு மணி நேரம், டார்ச் போட முடியாது. கையால தடவித்தான் கட்டுப் போட்டேன். அவன் கபாலி, கபாலின்னுண்டே இருந்தான். நான் வத்சன்டான்னேன். கேக்கலை. ரெண்டு தரம் சொன்னேன். அப்பறம் சரின்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டேன்னா?"

ஸ்ரீவத்சன் பந்தை விட்டான். காற்று மெதுவாக இறங்கியது. "இன்னாடா, இங்கதான் கீறேன், அப்டின்னேன்."

அந்த வீட்டில், அந்த வாயிலிருந்து, அந்தச் சொற்கள் அச்சு அசலாகத் தன் குரலில் வந்ததைக் கேட்டு கபாலிக்கு மயிர் கூச்செறிந்தது. இருபத்தாறு வருடத்துக்கு அப்புறமும் பிசகாமல் இருந்தது.

"மூணு மணி நேரம் நான் கபாலியாவே இருந்தேன். அவன் கையைப் பிடிச்சிண்டது நான். போனப்போ மடியில வெச்சிண்டது நான். அவன் ஒரே ஒரு தரம் என் பேரைச் சொல்லியிருக்கலாம்டா. பேரு உனக்குப் போயிடுத்து." அவன் காதிலிருந்து ஸ்டெத்தைக் கழற்றினான். "நூத்தி எழுபதுக்கு நூறு. உப்பைக் குறை."

கபாலி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டார்.

"எங்கிட்ட இன்னா பேசினான்?"

"ஏதோ லீவு சண்டையாமே உங்களுக்குள்ள."

சண்டைதான். ஜோடியில் ஒருவர் போய்த் திரும்பினால்தான் மற்றவருக்கு லீவு. கபாலிக்கு கோமளத்தோடு கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. சமத்துக்கு ஒரு பெண் குழந்தை, ஜுவேரியா, பிறந்து மூன்று மாதம், இன்னும் பார்க்கவில்லை. தேதியை மாத்துடா என்றான் அவன். உன் கொழந்தை எங்க ஓடிப்போவப் போவுது என்றார் இவர். அதோடு பேச்சு நின்றது. ஐந்து நாள் ஒரே ஸ்டவ்வில் தனித்தனியாக டீ போட்டார்கள். ஆறாவது நாள் கன்னம் வீங்கிவிட்டது.

"அதையே கேட்டுண்டிருந்தான். லீவு யாருக்குடா, லீவு யாருக்குடான்னு. நீயே மொதல்ல போய்ட்டு வாடான்னு சொல்லிட்டேன். உன் சார்பா."

"அதுக்கு?"

"நெஜமாவான்னான். ஆமான்டான்னேன். கல்யாணம்னான். அது கெடக்குதுடா, கோமளம் எங்க ஓடிடப் போறான்னேன். சிரிச்சான். அவ்வளவுதான்."

கபாலி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் விட்டுக்குடுத்திருக்க மாட்டேன்" என்றார். அது வீராப்பில்லை. உண்மையைச் சொன்னார். பாறைக்கு அடியில் அவரே இருந்திருந்தால், ரத்தத்தைப் பார்த்த பிறகாவது விட்டுக்கொடுத்திருப்பாரா என்று இப்போது யோசித்துப் பார்த்தார். கடைசி வரை தெரியவில்லை.

வீடு திரும்பும்போது ஆழ்வார்பேட்டை சிக்னலில் அவருக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு நாளும் அவர் பொறாமைப்பட்டது ஸ்ரீவத்சன் மேல். அதற்கு ஒரு முகம் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்கிற ஆறுதல் இருந்தது. இனி அது போதாது. அந்த இருட்டில் இன்னொரு கபாலி இருந்திருக்கிறான். வாய் நன்றாகத் திறந்து பேசியவன். லீவைத் தூக்கிக் கொடுத்தவன். சமத் சிரித்தது அவனைப் பார்த்துத்தான். அவனைவிட நல்லவனாக இருக்க இவருக்கு ஒரு நாளும் வாய்க்கப் போவதில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "பெர்சு, பச்ச வுழுந்து பாதி நாளாச்சு, கெளம்பு" என்றார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றாள் கோமளம்.

"பிரசர் ஜாஸ்தின்னாரு."

"அத்த சொல்ல மயிலாப்பூர் வரிக்கும் போவணுமா. என்ன கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

அன்று அவர் தயிர் சாதம் சாப்பிட்டார். கோமளம் ஒரு முறை பார்த்துவிட்டு ஊறுகாயை நகர்த்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் பதினாறு பேரும் வந்திருந்தார்கள். ஸ்ரீவத்சனை எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். ஆறு பேர் உடனே கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னார்கள். கபாலி அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. இலை போட்டு, தண்ணீர் தெளித்தாயிற்று. கலீமுல்லா சாப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். பெயர்கள் வந்தன, நாற்காலிகள் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தன. கபாலி தன் பெயருக்கு எழுந்து சொல்லி உட்கார்ந்தார்.

"லான்ஸ் நாயக் அப்துல் சமத்."

எல்லாரும் ஸ்ரீவத்சனைப் பார்த்தார்கள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கபாலிக்குத் தொண்டை திறந்துதான் இருந்தது. அந்தச் சொல் இருபத்தைந்து முறை வந்த வழி. ஆனால் ஹாஜிர் என்றால் அதைச் சொல்வது எந்தக் கபாலி? அவர் மேசைக்கு அடியில் ஸ்ரீவத்சனின் காலை ஒரு மிதி மிதித்தார். ஸ்ரீவத்சன் பதிலுக்கு மிதித்தான், கொஞ்சம் பலமாகவே.

"லான்ஸ் நாயக் அப்துல் சமத்" என்றார் சாப், இரண்டாவது முறை. பதில் வராமல் அவர் அடுத்த பெயருக்குப் போக மாட்டார். போனதில்லை.

கபாலி எழுந்தார்.

"லீவுல போய்கிறான் சாப்."

சாப் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். முப்பது வருடப் பட்டாள வழக்கம், அவரை முந்திக்கொண்டு வாய் கேட்டுவிட்டது.

"யாரு குடுத்தது லீவு?"

கபாலி ஸ்ரீவத்சனின் தோளில் கையை வைத்தார். கை வைத்ததா, அழுத்திப் பிடித்ததா என்று எதிரே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஸ்ரீவத்சன் இலையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இவரு சாப்."

கலீமுல்லா சாப் நோட்டைப் பார்த்தார். சமத்தின் பெயருக்கு நேராக இருபத்தைந்து கட்டங்களிலும் ஹாஜிருக்கான ஒரே எழுத்து வரிசையாக நின்றது. இருபத்தாறாவது கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக் காற்றில் இலைகளின் ஓரம் எழும்பி எழும்பி விழ, பதினைந்து பேர் அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.